கையெழுத்துப் போடாமல் ஓர் எரிமலைப் பயணம்

முப்பத்திரண்டு வருஷம் பத்திர ஆபீசில் வேலை பார்த்தவள் நான். கடைசி ஆறு வருஷம் சார்பதிவாளர் நாற்காலி. அங்கே உட்கார்ந்து நான் தெரிந்துகொண்டது இது: வயதான அம்மாவைப் பிள்ளைகள் திடீரென்று சுற்றுலா கூட்டிப் போனால், பின்னாலேயே ஒரு பத்திரம் வரும். பழனியில் மொட்டை போட்டுக்கொண்டு சந்தனம் காயாத தலையோடு நேராக என் மேஜைக்கு வந்து வீட்டை எழுதிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். ராமேஸ்வரத்துப் பிரசாதத்தை எனக்கும் ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டுப் பெருவிரலை நீட்டியவர்களும் உண்டு. "உங்க முழு மனசோடதான் எழுதிக் குடுக்கறீங்களா?" என்று எல்லோரையும் கேட்பேன். மகன் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, ஆமாம் என்று தலையாட்டுவார்கள்.

அதனால்தான் அமெரிக்காவில், மில்பிடாஸ் என்ற ஊரில் இருக்கும் என் மகன் பிரபு, "அம்மா, வர்ற வாரம் நாலு நாள் லீவு போட்டிருக்கேன். எரிமலை பாக்கப் போலாம்" என்றபோது பின்னாலேயே வரப்போகும் பத்திரத்தைத்தான் நினைத்தேன்.

"எரிமலையா? என்னத்துக்கு கண்ணு?"

"சும்மாதாம்மா. பூமிக்குள்ள இருந்து ஆவி வரும். சேறு கொதிக்கும். நல்லா இருக்கும்."

லீவே கிடைப்பதில்லை என்று வருஷம் முழுக்கப் போனில் புலம்புகிறவன், சேறு கொதிப்பதைப் பார்க்க நாலு நாள் லீவு போட்டிருக்கிறான். நான் நம்பவில்லை.

நம்பாததற்குக் காரணம் இரண்டு. முதலாவது, என் சம்பந்தியம்மா. அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஒரு பக்கத்துப் பெற்றோர் ஊர் திரும்பிய பிறகுதான் அடுத்த பக்கத்தார் விமானம் ஏறவேண்டும். இருப்பது ஒரே ஓர் உபரி அறை, ஒரே ஒரு டிவி ரிமோட். என் மருமகள் நித்யாவின் அம்மா சகுந்தலா நான் வருவதற்கு முன்பே கிளம்பியிருக்க வேண்டும். நான் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, அவர் கிளம்பவில்லை. கேட்டால், "டிக்கெட்டு தள்ளிப்போயிருக்கு சம்பந்தி" என்கிறார். டிக்கெட் தானாகத் தள்ளிப்போகுமா, யாராவது தள்ளினால்தானே போகும்? அவர் பெரம்பூர்க்காரர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்து ஓய்வு பெற்றவர், என்னைப் போலவே கணவரை இழந்தவர். எதைக் கேட்டும் கேட்காத மாதிரி முகம் வைத்துக்கொள்ளத் தெரிந்தவர்.

இரண்டாவது காரணம், பிரிண்டரில் கிடந்த ஒரு தாள். கரூரில் என் பெயரில் ஒரு வீடு இருக்கிறது. நானும் என் கணவரும் செங்கல் செங்கலாகப் பார்த்துக் கட்டியது. அவர் போய் ஏழு வருஷம். கீழே நான் இருக்கிறேன், மாடி காலி. அந்த மாடியின் படம்தான் தாளில் இருந்தது. படிக்கட்டு, அறை, குளியலறை எல்லாம் கோடு போட்டு, நித்யாவின் கையெழுத்தில் "இங்கே கைப்பிடி", "வெஸ்டர்ன் டாய்லெட்", "தனிக் கதவு?" என்று குறிப்புகள். தனிக் கதவு என்றால் என்ன அர்த்தம்? வீட்டைப் பிரிக்கிறார்கள். ஒன்று, மாடியை யாருக்கோ கொடுத்துவிட்டு என்னை இங்கேயே உட்கார வைக்கப் போகிறார்கள். அல்லது என்னை மாடிக்கு ஏற்றிவிட்டுக் கீழ்வீட்டைக் கைமாற்றப் போகிறார்கள். எதுவாக இருந்தாலும் என்னிடம் ஒரு பவர் பத்திரம் வாங்காமல் முடியாது.

நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஆவணத்தை முதலில் கைப்பற்று, கேள்வியைப் பிறகு கேள் என்பது எங்கள் ஆபீஸ் பழக்கம். தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். இந்தப் பயணத்தில் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை என்று முடிவெடுத்த பிறகுதான் ஷூவை மாட்டினேன்.

முதல் நாள் முழுக்கக் கார்தான். மின்சாரக் கார். சத்தமே இல்லாமல் ஓடுகிற எதையும் எனக்குப் பிடிக்காது. முன்னால் பிரபுவும் நித்யாவும். பின்னால் நானும் சம்பந்தியும், எங்களுக்கு நடுவே எல்லைக்கல் போல இரண்டு தூக்குப் பாத்திரங்கள். ஒன்றில் என் புளிசாதம், ஒன்றில் அவருடைய எலுமிச்சை சாதம். பாதாம் தோப்புகள் வரிசை வரிசையாக வந்துகொண்டே இருந்தன. வேலை செய்ய ஓர் ஆள்கூட இல்லை. அத்தனை மரத்துக்கும் யார் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள் என்று கேட்டேன். "எல்லாம் ஆட்டோமேட்டிக்மா" என்றான். இந்த நாட்டில் எதைக் கேட்டாலும் இந்தப் பதில்தான்.

ரெட் பிளஃப் என்ற ஊரில் கார் நின்றது. வெயில் கரூர் வெயிலைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். சார்ஜ் போடும் இடத்தில் நாலு கம்பங்கள். மூன்று செத்துக் கிடந்தன. நாலாவதற்கு வரிசை. ஒரு காரை ஓட்ட இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்றால் நம் ஊரில் வண்டியைத் தள்ளிக்கொண்டே போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

எங்களுக்கு முன்னால் நின்ற வண்டியிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் இறங்கி வந்தார். கையில் ஒரு பை நிறையச் செர்ரிப் பழம். "எங்க வீட்டு மரத்துப் பழம். நானும் என் மனைவியும் தின்று தீர்க்க முடியவில்லை. எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். பிரபு தமிழில் சொன்னான். இலவசமாகப் பழம் கொடுப்பவரைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். நான் அவர் வண்டிக்குள் எட்டிப் பார்த்தேன். மனைவி இருந்தார். கையசைத்தார். அப்படியும் நான் எடுக்கவில்லை. சம்பந்தி இரண்டு கை நிறைய வாங்கிக்கொண்டார்.

"சூப்பரா இருக்கு. சாப்ட்டுப் பாருங்க சம்பந்தி."

"அப்புறம் சாப்படறனுங்க."

பத்து நிமிஷம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு நானும் சாப்பிட்டேன். நல்ல பழம்தான்.

அன்று மத்தியானம் சம்பந்தி இரண்டாம் தடவை கேட்டு வாங்கியது என் புளிசாதத்தைத்தான் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். காரியம் ஆகவேண்டியவர்கள்தான் அடுத்தவர் சமையலை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள். அதையும் குறித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை தங்கிய இடத்தில் இலவசச் சாப்பாடு. உருளை உருளையாக ஏதோ கறி. என்ன கறி என்று கேட்டால் "சாசேஜ்" என்கிறார்கள். அது வடிவத்தின் பெயர். உள்ளே இருப்பது ஆடா மாடா பன்றியா என்பதற்கு அது பதில் இல்லை. ரொட்டியைச் சுட்டு, இட்லிப் பொடி தூவிச் சாப்பிட்டேன். சம்பந்தியும் பொடி கேட்டார். கொடுத்தேன்.

மலை ஏறும் வழி முழுக்க எரிந்த காடு. கரிக்கட்டைகளாக மரங்கள் நிமிர்ந்து நின்றன. "எரிமலையாலா?" என்றேன். "இல்லம்மா, காட்டுத் தீ" என்றான் பிரபு. எரிமலையைப் பார்க்கப் போகிற வழியில் வேறொன்று எரித்து வைத்திருக்கிறது. காரின் சார்ஜ் எண்பதிலிருந்து ஐம்பதுக்கு இறங்கியது. இறக்கத்தில் வரும்போது தானாக ஏறும் என்றான். ஏறினால் இறங்கும், இறங்கினால் ஏறும் என்கிற இந்த ஏற்பாடு எனக்குச் சரியாகப் படவில்லை.

லாசன் எரிமலைப் பூங்காவின் வாசலில் பார்வையாளர் கட்டடம். உள்ளே அகலத் தொப்பி வைத்த ரேஞ்சர் பெண் சிரித்துக்கொண்டே ஒரு பெரிய நோட்டை எங்கள் பக்கம் நகர்த்தினாள். பெயர், ஊர் என்று கட்டங்கள்.

"ஒரு கையெழுத்துப் போடும்மா" என்றான் பிரபு.

வந்துவிட்டதா!

"எதுக்கு?"

"சும்மா, விசிட்டர் புக்மா."

"சும்மான்னு ஒரு கையெழுத்து உலகத்துலயே கெடையாது கண்ணு. நான் போட மாட்டேன்."

நித்யா தன் அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தப்பவில்லை. சம்பந்தி பேனாவை வாங்கிக்கொண்டார். "சகுந்தலா" என்று தமிழில் முத்து முத்தாக எழுதினார். ஊர் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. கொஞ்ச நேரம் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எதுவும் எழுதாமல் பேனாவை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

முழுதாக நிரப்பாத ஆவணத்தை நான் என் காலத்தில் ஒன்றுகூட அனுமதித்ததில்லை. சொந்த ஊரை எழுத மறுக்கிறவர் எதையோ மறைக்கிறார் என்று அர்த்தம்.

கொஞ்ச தூரத்திலேயே சாலையோரமாகக் கொதிக்கும் சேறு. வண்டிக் கதவைத் திறக்கும்போதே அழுகின முட்டை நாற்றம். கந்தகம் என்றான் பிரபு. சம்பந்தி சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டார். நடைபாதைக்கு அந்தப் பக்கம், வேலிக்குள், சாம்பல் நிறத்தில் களி கிண்டுகிற மாதிரி பொதபொதவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பில்லை, விறகில்லை. யாரும் கிண்டவும் இல்லை. சுற்றிலும் மண் மஞ்சளும் வெள்ளையுமாக, பார்த்தால் கெட்டியாக இருந்தது. அதில் கால் வைக்காதே, மேல் ஓடு மட்டும்தான் கெட்டி, அடியில் கொதிக்கிறது என்று படம் போட்டுப் பலகை வைத்திருந்தார்கள். அமெரிக்காவில் நான் பார்த்ததிலேயே எனக்குப் பிடித்த பலகை அதுதான்.

பக்கத்தில் ஓர் இளம் ஜோடி. அந்தப் பெண் மூக்கைப் பிடித்துக்கொண்டு அவனைக் கேட்டாள்: "நீ வெந்நீர் ஊற்று, ஸ்பா என்றெல்லாம் சொன்னது இதைத்தானா?" அவன் சேற்றைப் போட்டோ எடுக்கத் தொடங்கினான். கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகியிருக்காது என்றாள் நித்யா. அவனும் எதற்கோ கூட்டி வந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் மலையின் மறுபுறம் ஒரு குகைக்குப் போனோம். ஜூலையிலும் சாலையோரம் அழுக்குப் பனி கிடந்தது. எரிமலைக் குழம்பு ஆறாக ஓடியபோது மேல்பாகம் ஆறிக் கெட்டியாகிவிட்டதாம். உள்ளே இருந்தது ஓடிப்போய்விட்டதாம். மிச்சம் நிற்கும் வெற்றுக் குழாய்தான் குகை. உள்ளே சில்லென்று கும்மிருட்டு. ஆளுக்கொரு போன் விளக்கு. நான் வேண்டுமென்றே கடைசியாக நடந்தேன், போனையும் அணைத்துவிட்டேன். முன்னால் போனவர்கள் ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசினார்கள். அந்தப் பாறைச் சுவர் ஒரு சொல்லைக்கூடச் சிந்தாமல் என் காதில் கொண்டுவந்து கொடுத்தது.

"இன்னைக்கே பேசிடும்மா. இன்னும் எத்தன நாள் இப்டியே இழுத்துட்டு இருப்ப?" இது நித்யா.

"வேணாம்டி. அவங்க முகத்தப் பாத்தாலே எனக்கு வார்த்தை வர மாட்டேங்குது. பேப்பர் பேக்லதான் இருக்கு. நாளைக்குக் குடுத்துடறேன்."

பேப்பர்! சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். மகன் நீட்டினால் அம்மா மறுத்துவிடுவாள், சம்பந்தி நீட்டினால் மரியாதைக்காகவாவது வாங்குவாள் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். பெற்ற பிள்ளை இப்படி ஆள் வைப்பான் என்று நான் நினைக்கவில்லை. கோபத்தைவிட அழுகைதான் வந்தது. இருட்டாக இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

மூன்றாம் நாள் நாங்கள் போன இடத்துக்கு இங்கிலீஷில் நரகம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் அதைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்த ஒருவர், மண்ணை நம்பிக் கால் வைத்து, மேல் ஓடு உடைந்து, கொதிக்கும் சேற்றில் கால் வெந்து போனாராம். அவர் பெயரையே நரகத்துக்கு வைத்துவிட்டார்கள். நடக்கும் பாதை தொடங்கும் இடத்தில் ஒரு ரேஞ்சர் எல்லோரையும் நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தார்: "பலகைப் பாதையை விட்டு ஓர் அடிகூட இறங்காதீர்கள். தரை பார்ப்பதற்கு நல்ல தரையாகத்தான் இருக்கும்." நான் அவரைப் பார்த்துத் தலையாட்டினேன். முப்பத்திரண்டு வருஷம் நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உயரமான இடம். நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கியது. எதிர்பார்த்தது போலவே பிரபுவும் நித்யாவும், "நாங்க முன்னாடி போய்ப் பாத்துட்டு வர்றோம், நீங்க மெதுவா வாங்க" என்று விறுவிறுவென்று போய்விட்டார்கள். நாங்கள் இரண்டு பேர் மட்டும். ஒரு வளைவில் பள்ளத்தாக்கு முழுக்கக் கீழே தெரிந்தது. வெள்ளையும் மஞ்சளுமாக மண். நீலமும் பச்சையும் கலந்த குட்டைகள். எங்கே பார்த்தாலும் ஆவி, ஒரு பெரிய கல்யாணச் சமையல்கட்டின் இரைச்சல். சம்பந்தி ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். உதடு வெளுத்திருந்தது. தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். குடித்துவிட்டு, கைப்பையைத் திறந்து ஒரு கவரை எடுத்தார்.

"சம்பந்தி, தப்பா நெனச்சுக்கக் கூடாது…"

"கையெழுத்துங்களா?" என்றேன். "நான் போட மாட்டனுங்க. யாரு சொன்னாலும் சரி."

"நீங்க போட வேணாம்," என்றார். "நான் போட்டுட்டேன்."

கவரை வாங்கினேன். பழக்க தோஷம், அடியிலிருந்துதான் படித்தேன். கீழே அவர் கையெழுத்து. சாட்சிகள்: ஒன்று, பிரபு. இரண்டு, நித்யா. பிறகு மேலே போனேன். "சென்னை பெரம்பூரில் வசித்து வரும் சகுந்தலா ஆகிய நான், கரூர் வசந்தாமணி அம்மாள் அவர்களுக்கு, என் முழு மனதுடன், யாருடைய தூண்டுதலும் இன்றி எழுதிக் கொடுப்பது என்னவென்றால்…" அவருடைய முத்து முத்தான எழுத்து. தங்கள் வீட்டு மாடியில் சில காலம் குடியிருக்க அனுமதித்தால், மேற்படி வீட்டில் எனக்கோ என் வாரிசுகளுக்கோ எந்தவித உரிமையும் பாத்தியமும் கிடையாது என்றும், சொன்ன உடனே காலி செய்து கொடுத்துவிடுவேன் என்றும், எந்த வேலையிலும் தலையிட மாட்டேன் என்றும் எழுதியிருந்தது.

இரண்டாம் தடவை படித்தேன். எனக்கு எதுவும் புரியவில்லை.

"பெரம்பூர்ல உங்க ஃபிளாட் என்னாச்சுங்க?"

"இடிக்கறாங்க சம்பந்தி. பழைய பில்டிங். எல்லாரும் சேந்து பில்டர்கிட்ட குடுத்துட்டாங்க. புதுசு கட்டி முடிக்க மூணு வருசம் ஆவும்ங்கறாங்க, அதுக்கு மேலயும் ஆவலாம். என் சாமான்லாம் எங்க அக்கா வீட்ல மூட்டை கட்டிக் கெடக்கு." மூச்சு வாங்கிக்கொண்டார். "வாடகைக்கு எங்க தேடினாலும், தனியா இருக்கற வயசானவங்களுக்குக் குடுக்க மாட்டாங்களாம். உடம்பு முடியலன்னா யார் பாக்கறதுன்னு கேக்கறாங்க. இங்கயே இருந்துடலாம்னா விசா விடாது. நித்யாதான் உங்க மாடியச் சொன்னா. நான் வேண்டவே வேண்டாம்னேன். பொண்ணு குடுத்த வீட்ல போய் ஒக்காந்துக்கறதான்னு எங்க அக்காவே கேக்கறாங்க."

"அப்பறம் இந்தப் பேப்பர் என்னத்துக்குங்க?"

"மாப்ளதான் சொன்னாரு, அம்மா எதுவா இருந்தாலும் எழுத்துலதான் நம்புவாங்கன்னு."

எனக்கு எங்கே பார்ப்பதென்றே தெரியவில்லை. கீழே ஆவி போய்க்கொண்டிருந்தது. கூடவே இருந்து, என் புளிசாதத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்ட ஒரு பெண், என்னிடம் ஒரு வார்த்தை கேட்பதற்குப் பயந்து பத்திரம் எழுதிக் கொண்டுவந்திருக்கிறார். என் மகன் அதற்குச் சாட்சி. வெட்கமாக இருந்தது. என்ன சொல்வது என்று தெரியாமல், வாயில் வந்து பழகிய கேள்வியையே கேட்டேன்.

"உங்க முழு மனசோடதான் எழுதுனீங்களா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"இல்லங்க," என்றார். "எனக்கு வேற வழி தெரியல."

எத்தனை ஆயிரம் பேரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பேன். இல்லை என்று சொன்ன முதல் ஆள் அவர்தான்.

நானும் என் கைப்பையைத் திறந்து, பிரிண்டரில் எடுத்த தாளை அவர் மடியில் வைத்தேன். பார்த்தார். "அய்யய்யோ, இது உங்ககிட்டதான் இருந்துதா? நித்யா வீடு பூராத் தேடினாளே!" என்றார். மூன்று நாளாக நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்பது அவருக்கு அப்போதே புரிந்துபோயிருக்கும். தாளை மடித்து என்னிடமே கொடுத்தார். டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் முகம்.

"இந்தப் பத்திரம் செல்லாதுங்க," என்றேன்.

"ஏன்?"

"சொத்து விவரமே போடல. நாலு பக்கத்து எல்லை எங்கங்க? அது போகட்டும். உங்களுக்கும் உங்க வாரிசுக்கும் உரிமை இல்லைன்னு எழுதியிருக்கீங்க. உங்க வாரிசு யாருங்க?"

"நித்யா."

"நித்யா யாருங்க? எம் மருமக. அவளுக்கு எங்க வீட்டுல உரிமை இல்லைன்னு நீங்க எழுதுனா நாஞ் சும்மா இருப்பனா? அதுக்கு அவளே சாட்சிக் கையெழுத்து வேற போட்டிருக்கறா. இதுக வேலைக்குப் போயி என்னத்தக் கிழிக்குதுகளோ!"

அவர் சிரிக்கத் தொடங்கினார். அந்த உயரத்தில் சிரிப்பதற்கும் மூச்சு வேண்டியிருந்தது. சிரித்து, இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சிரிப்பு நின்றது. பதிலுக்காக என்னைப் பார்த்தார்.

"நாளைக்குச் சொல்றனுங்க," என்றேன். "எதையுமே ஒரு நா வெச்சுப் பாக்காம நான் முடிவு சொல்றதில்லீங்க." சொன்ன பிறகு அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. ஆனால் நான் அப்படித்தான்.

"சரிங்க," என்று எழுந்துகொண்டார்.

மெதுவாகக் கீழே இறங்கினோம். பலகைப் பாதை வந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பக்கமும் தரை பொருபொருவென்று, நல்ல தரை மாதிரியே இருந்தது. அடியில் தளபுளவென்று சத்தம். பிரபுவும் நித்யாவும் மறுமுனையில் நின்று, பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்கிற பிள்ளைகள் மாதிரி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் குட்டைகளைப் பார்த்தேன். திரும்பி ஏறும்போது சம்பந்தி ஆறு இடத்தில் உட்கார்ந்தார். என் வீட்டு மாடிக்குப் பதினெட்டுப் படி, வளைவு வேறு. கீழே என் கணவரின் அறை பூட்டியே கிடக்கிறது. உள்ளே பழைய பேப்பர் கட்டுகளும், அவருடைய சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்ப்பும் தவிர ஒன்றுமில்லை. சம்பந்தி வீட்டோடு வந்து இருக்கிறாள் என்றால் எங்கள் தெருவில் என்னென்ன பேசுவார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். யாரெல்லாம் பேசுவார்கள் என்றும் யோசித்தேன். அவர்களில் பாதிப் பேர் தங்கள் அம்மாவை என் மேஜைக்குக் கூட்டி வந்தவர்கள்.

நாலாம் நாள் காலை வீடு திரும்பக் கிளம்பினோம். சம்பந்தி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். தூக்குப் பாத்திரங்கள் காலியாகிப் பின்னால் டிக்கிக்குப் போய்விட்டன. எங்களுக்கு நடுவில் வெறும் இடம்தான் இருந்தது. பார்வையாளர் கட்டடம் வந்ததும், "வண்டிய நிறுத்து கண்ணு" என்றேன்.

"பாத்ரூமாம்மா?"

"நிறுத்துன்னா நிறுத்து."

உள்ளே அதே ரேஞ்சர் பெண். அதே நோட்டு. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் முதலில் அவளைக் கேட்டேன்: இந்த நோட்டு எங்கே போகிறது, யார் படிக்கிறார்கள், எத்தனை வருஷம் வைத்திருப்பீர்கள்? அவளுக்குச் சிரிப்பு. "எங்களோடயேதான் இருக்கும் மேடம். யார் வேண்டுமானாலும் படிக்கலாம்" என்றாள். பொதுப் பார்வைக்குரிய ஆவணம். போதும்.

இரண்டு நாள் பக்கங்களைப் பின்னால் புரட்டினேன். ஒஹையோ, டெக்சஸ், ஜெர்மனி, கொரியா என்று உலகமே வந்து போயிருந்தது. நடுவில், முத்து முத்தாக ஒரே ஒரு தமிழ்ப் பெயர். பக்கத்தில் காலிக் கட்டம். பேனாவைக் கேட்டு வாங்கினேன். ஒருவர் எழுதிய ஆவணத்தில் இன்னொருவர் பிறகு கை வைப்பது குற்றம். இதற்காகவே நான் எழுத்தர்களைத் திட்டி வெளியே அனுப்பியிருக்கிறேன். அந்தக் காலிக் கட்டத்தில் "கரூர்" என்று எழுதினேன்.

பின்னால் நிழல் தட்டியது. சம்பந்தி எப்போது உள்ளே வந்தார் என்று தெரியவில்லை. என் தோளுக்கு மேலாக நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சம்பந்தி…" என்றார்.

"கீழ் ரூமுங்க," என்றேன். "மாடிப்படி உங்களுக்கு ஆகாது."

ஆவணத்தில் எந்தத் திருத்தம் செய்தாலும், செய்தவர் பக்கத்திலேயே சுருக்கொப்பம் வைக்கவேண்டும் என்பது விதி. வைத்தேன்.